வேலூரில் ஒரு பச்சைக் கோடு

குடியாத்தம் ஏகாம்பரத்தின் இதயத்துடிப்பு இன்று மதியத்துக்குப் பிறகு ஒருமுறைகூடத் தப்பவில்லை. இதய சிகிச்சைப் பிரிவின் சிஸ்டர் எஸ்தர் மாலையில் இதை உறுதிப்படுத்தினார். ஏகாம்பரம் லுங்கி நெய்யும் விசைத்தறிக்காரர். மாரடைப்பு வந்து சேர்க்கப்பட்டவர். நான் வந்தது அவரைப் பார்க்க அல்ல, அவரைக் கவனிக்கும் கம்ப்யூட்டரைப் பார்க்க.

சென்னையிலிருந்து பஸ்ஸில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். 1987 ஏப்ரல் வெயிலில் ஜன்னலை மூட முடியாது. ஆற்காட்டைத் தாண்டியதும் பதனிடும் தோலின் வாடை உள்ளே வந்தது.

"இன்னா சார், மூக்கைப் பொத்திக்கினீங்க? மேல்விஷாரம் வந்துட்ச்சு. அடுத்தது வேலூர்தான்," என்றார் கண்டக்டர்.

மருத்துவமனையில் கண்ணாடிக்கு அப்பால் சின்னத் திரை. அதில் ஓடும் பச்சைக் கோட்டின் ஒவ்வொரு எழும்பலும் ஒரு துடிப்பு. ஒன்று தப்பினால் இயந்திரம் மணி அடித்து, அந்தக் கோட்டைக் காகிதத்தில் வரைந்து வெளியே தள்ளுகிறது. எத்தனையோ வருடமாகச் செய்தி எழுதுகிறேன், இப்படிக் கண் இமைக்காத நிருபரைப் பார்த்ததில்லை.

வெளியே, உறவினர்கள் காத்திருக்கும் இடத்தில் புழுக்கம். மின்விசிறியைப் போட்டேன். ஏகாம்பரத்தின் தம்பி தண்டபாணி பாய்ந்து வந்து அணைத்தார்.

"ஃபேன் வேணாம் சார்! வோல்டேஜ் கம்மியாயிடும். அண்ணனுக்கு மிஷின் ஓடணும்ல?"

வோல்டேஜ் குறைந்தால் தறி திணறும், கரண்ட் போனால் நின்றுவிடும். இதயத்தையும் அந்த இயந்திரம்தான் ஓட்டுகிறது என்று நம்பி, அவரும் அண்ணி சரோஜாவும் காலை முதல் வேர்வையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சற்று நேரத்தில் கரண்ட் போனது. திரை கறுத்தது.

"ஐயோ, நின்னுபோச்சே!" சரோஜா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த எஸ்தர், சரோஜாவின் விரல்களை அதே இடத்தில் வைத்தார். "ஓடுதா?"

"ஓடுது சிஸ்டர்... கரண்ட் இல்லாமயே ஓடுது!"

"அது அவரோட சொந்த மோட்டாரும்மா. மிஷின் பார்த்துக்கினு மட்டும்தான் இருக்கு."

ஏகாம்பரம் கண் திறந்தார். "இன்னா, தறிக் கொட்டாயில கரண்ட் போய்ட்ச்சா?"

ஜெனரேட்டர் ஓடியது, கோடு திரும்பியது. மதியத்துக்குச் சற்று முன் மணி அடித்தது. நாங்கள் யாருமே அறியாத ஒரு தப்பிய துடிப்பு காகிதத்தில் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்து மருந்தை மாற்றினார்.

நோயாளியோடு வருபவர்களுக்கு: காலை பஸ்ஸில் கிளம்புங்கள். பழைய மருந்துச் சீட்டுகளை மறக்காதீர்கள். எந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று முதல் நாளே சிஸ்டரிடம் கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்றிரவும் துடிப்பு தப்பாவிட்டால் ஏகாம்பரம் பொது வார்டுக்கு மாற்றப்படுவார். அங்கே இந்த இயந்திரம் கிடையாது. "அப்போ அங்க யாரு பார்த்துக்குவாங்க?" என்று கேட்ட சரோஜா, இப்போது கொழுந்தனின் மணிக்கட்டைப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்.

"விடுங்க அண்ணி, எனக்கு நல்லாத்தான் ஓடுது," என்கிறார் தண்டபாணி.

டாக்டர் நாளை காலை எட்டு மணிக்கு வருவார்.