அமாவாசைக்கு அமாவாசை கல்லாறு

போன வாரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பாதி வழியில் எழுந்து போய்விட்டார். இறங்கவில்லை — பின்னால் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடம் இருக்கும்போதே!

அவர் மேல் தப்பில்லை. நெடுமங்காடு தாண்டி ஒரு திருப்பத்தில் என் பை சரிந்துவிட்டது. உள்ளே இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக அவர் காலடியில் போய் விழுந்தன. வெள்ளை வெளேரென்று ஒரு எட்டு முழ வேட்டி. பெட்ரோமாக்ஸ் விளக்கு. அழுகின வாழைப்பழமும் வெல்லமும் பிசைந்த டப்பா. பழைய ஜாம் பாட்டிலில் கள். இன்னொரு பாட்டிலில், மண்டை ஓடு படம் ஒட்டிய விஷம்.

அன்றைக்கு அமாவாசை வேறு. பஸ் போகிற திசையோ காடு.

கண்டக்டர் குனிந்து கள் பாட்டிலை எடுத்தார். மோந்து பார்த்தார். “ஸாரே... இது எந்தா பரிபாடி?” என்றார், குரலைத் தாழ்த்தி. இது என்ன சங்கதி என்று கேட்கிறார்.

“பூச்சி பிடிக்கப் போறேன்.”

“ஓ...” என்று பாட்டிலை சீட்டின் ஓரத்தில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள் — அமாவாசை சாயங்காலம் கள்ளும் விளக்கும் வெள்ளைத் துணியுமாகக் காட்டுப் பக்கம் போகிறவனை யார்தான் பூச்சி பிடிக்கிறவன் என்று நம்புவார்கள்? நானாக இருந்தாலும் எழுந்துதான் போயிருப்பேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் திருவனந்தபுரத்தில் ஒரு காலேஜில் ஸுவாலஜி வாத்தியார். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம், இப்போது குடியிருப்பு கரமனையில். அந்துப்பூச்சி சேகரிப்பது என் உத்தியோகத்தில் கால் பங்கு, பைத்தியத்தில் முக்கால் பங்கு. பொழுது சாயும்போது இரண்டு மரத்துக்கு நடுவே வேட்டியைக் கட்டி, முன்னால் விளக்கை ஏற்றிவிட்டால் போதும். பூச்சிகள் தாமாக வந்து உட்காரும். விளக்குக்கு மயங்காத சில பெரிய மனிதர்களுக்குத்தான் கள்ளும் பழமும். மரப்பட்டையில் பூசி வைத்தால் குடிக்க வருவார்கள். வந்ததை உள்ளே அடைத்துக் கொல்லத்தான் அந்த விஷ பாட்டில். நான் ஜன்மத்தில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் கள்ளு ஷாப்பில் என் தலையைக் கண்டதும் பாட்டிலுக்குக் கை நீட்டுகிறார்கள்!

அமாவாசை எதற்கு? நிலா இருந்தால் என் விளக்கை ஒரு பூச்சியும் மதிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, பாவமில்லையா?’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பாவம்தான். பதிலைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கோமதி போய் ஒன்றரை வருஷமாகிறது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பகல் எப்படியோ ஓடிவிடும்... கிளாஸ், லேப், பரீட்சைப் பேப்பர். சாயங்காலம்தான் பெரிய பிரச்னை. பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்கிறது. ஒரு தம்ளர்கூட நகர்ந்திருக்காது. அது எவ்வளவு பெரிய கொடுமை என்று, நகர்த்த ஆள் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பயந்துதான் ஓடுகிறேன். விஞ்ஞானமெல்லாம் அப்புறம்.

ஓடுகிற இடம் கல்லாறு. பொன்முடிக்கு ஏறுகிற பஸ் ஆற்றங்கரையில் மூச்சு வாங்க நிற்குமே, அந்த இடம். நாலைந்து கடைகள். அதில் ஒன்று பேச்சியம்மாளின் டீக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு வந்த குடும்பம். புருஷன் செத்த பிறகு ஊருக்குத் திரும்பாமல் கடை போட்டுவிட்டாள். என் வயது இருக்கும். அவள் கடைக்குப் பின்னால் நிற்கிற இரண்டு பலா மரங்கள்தான் என் வேட்டிக்குத் தோது.

சில மாதங்களாகவே அங்கே போகிறேன். டீ கொடுப்பாள். பெஞ்சின் கோடியில் வைத்துவிட்டுச் சட்டென்று நகர்ந்துகொள்வாள். கூப்பிடுவது ‘சாமி’ என்று. என் தாடிக்குக் கிடைக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட அப்பாவி பாருங்கள்!

போன வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. வேட்டியைக் கட்டிவிட்டு விளக்குக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள். கையில் ஏதோ மடித்து வைத்திருந்தாள்.

“சாமி, ஒண்ணு கேட்டா ஏசமாட்டியளே?”

“கேளும்மா.”

“எம்புள்ளைய ஒண்ணு விளிச்சுத் தரணும்.”

எனக்குப் புரியவில்லை. “எங்கேருந்து?”

“அது தெரிஞ்சா நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன்லா?”

அப்புறம் சொன்னாள். ஒரே பையன், முருகேசன். கல்யாண வயசு. ஓணத்துக்குப் பொன்முடி போகிற கூட்டம் கடையில் நிரம்பி வழிகிறது. இவன் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே பாலைப் பொங்க விட்டுவிட்டான். அத்தனை பேர் முன்னால் இவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

“பெத்தவ அடிச்சா வலிக்குமா சாமி? ஆனா எல்லாரும் பாத்துட்டு இருந்தாவ. அதுலயும் ரெண்டு பேரு சிரிச்சானுவ.”

முருகேசன் கையிலிருந்த கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறினான். அவ்வளவுதான். ஓணத்துக்குப் போனவன்... இதோ சிவராத்திரி வரப்போகிறது.

“திருவனந்தபுரம் சாலை பஜார்ல ஒரு கடை பாக்கியில்ல சாமி. ஓட்டல் ஓட்டலா ஏறி எறங்கியாச்சு. போலீஸ் ஸ்டேஷன்ல ‘வரும், வரும்’னு சொல்லுதான். நீங்கதான் ஒண்ணு மனசு வைக்கணும்.”

“நான் மந்திரவாதி இல்லம்மா! காலேஜ் வாத்தியார்!”

“தெரியுமே. படிச்ச மந்திரவாதின்னுதான் இங்க எல்லாரும் சொல்லுதாவ.”

இதற்கு மேல் சும்மா இருக்க முடியுமா? எனக்குள் இருக்கிற வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். இது மந்திரமில்லை, பூச்சிக்கு வெளிச்சத்தைக் கண்டால் ஒரு மயக்கம் என்று ஆரம்பித்தேன். ஏன் அந்த மயக்கம்? அங்கேதான் வண்டி நின்றது. விளக்கை நிலா என்று நினைத்து வழி தப்பி வருகின்றன என்று ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா என்று இன்னொரு கட்சி. படித்தவர்களுக்கு ‘தெரியாது’ என்று ஒப்புக்கொள்ள இருபது பக்கமாவது வேண்டும். அதைச் சுருக்கிச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டாள். “ஏன் வருதுன்னு உங்களுக்கே தெரியாது. ஆனா வருது. பின்னே என்ன?”

நான் விளக்குக்கு இன்னும் இரண்டு தடவை காற்று அடித்தேன். அவள் மடிப்பைப் பிரித்தாள். நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை. காலரில் கருப்பாக அழுக்கு.

“போறதுக்கு முந்துன நாள் போட்டுக் கழட்டுனது. இத அந்த வேட்டி பக்கத்துல ஒண்ணு மாட்டினா மதி, அது போதும்.”

“துவைக்கலையா?”

“துவைச்சா போயிரும்லா.”

கோமதி போன பதினாறாம் நாள் அவள் தங்கை வந்து புடவைகளையெல்லாம் சோப்புப் போட்டுத் துவைத்து, மடித்து, எடுத்துக்கொண்டு போனாள். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். துவைத்தால் போய்விடும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை.

“மாட்டிக்கோ” என்றேன். குரல் கோபமாகத்தான் வந்தது. கோபம் அவள் மேல் இல்லை.

கயிற்றில் வேட்டிக்குப் பக்கத்தில் சட்டை தொங்கியது. முதலில் ஈசல்களும் வண்டுகளும் வந்து சடசடவென்று முட்டின. பின்னாலேயே அந்துகள் வந்தன. பேச்சியம்மாள் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் ஒரே இடத்துக்குப் போகிறேன், ஒருத்தர் என் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பையனுக்குக் கருவாடு பிடிக்கும் என்றாள். என் சட்டையெல்லாம் பூச்சி உருண்டை வாசனை அடிக்கிறது என்று கோமதி மூக்கைப் பிடித்துக்கொள்வாள் என்றேன் நான். “பின்னே பிடிக்கமாட்டாவளா? எனக்கே இங்க அடிக்குது!” என்றாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, இந்தச் சத்தம் என்னிடமிருந்தா வந்தது என்று கொஞ்சம் பயந்துபோனேன்.

அப்போதுதான் அது வந்தது.

பார்வைக்கு அழகே கிடையாது. காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டமாதிரி பழுப்பு. இறக்கைக்குக் குறுக்கே சாய்வாக ஒரே ஒரு கோடு. அதன் லத்தீன் பெயரை எழுதினால் அச்சுக் கோர்ப்பவர் என்னைத் திட்டுவார். எங்கள் காலேஜ் மியூசியத்தில் இந்த ஜாதியில் ஒன்றே ஒன்று இருக்கிறது — அதுவும் பாதி இறக்கை உதிர்ந்தது. முழுசாக ஒன்று வேண்டும் என்று எத்தனை மழையில் நனைந்திருக்கிறேன், எத்தனை அட்டைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன்! ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை.

அது வேட்டியில் உட்காரவில்லை. முருகேசனின் காலரில் போய் உட்கார்ந்தது. உறிஞ்சுகுழலை மெல்ல நீட்டி அழுக்கில் வைத்தது.

என் கை தானாக விஷ பாட்டிலை எடுத்து மூடியைத் திருகித் திறந்தது. பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள்.

“சாமி! வந்துட்டுல்லா!”

“அதெல்லாம் இல்லம்மா. வேர்வையில உப்பு இருக்கும். சில பூச்சிக்கு அது வேணும். அந்த உப்பைத்தான் குடிக்குது. வேற ஒண்ணுமில்ல.”

“உப்புன்னா உப்பு. எம்புள்ள உப்புதானே அது?”

பாட்டிலின் வாய் பூச்சிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. “நான் ரொம்ப வருஷமா இதைத் தேடிட்டு இருக்கேன்” என்றேன். கெஞ்சலாகத்தான் சொன்னேன்.

“நானுந்தான் தேடுதேன்” என்றாள். “அத அடைச்சிராதிய. அது திரும்பிப் போகணும். போய் அவன்கிட்ட சொல்லணும்.”

அவள் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, அழவுமில்லை. சட்டைக்குக் கிட்டே போய், தூங்குகிற குழந்தையின் காதில் பேசுகிறமாதிரி குனிந்தாள்.

“ஏல முருகேசா... பால் பொங்குனா பொங்கட்டும்ல. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன். வந்துருய்யா.”

நியாயமாகப் பார்த்தால் ஒரு விநாடி வேலை. பாட்டிலைக் கவிழ்த்து மூடினால் முடிந்தது. காலேஜில் என் பெயரோடு கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். நான் பூச்சியைத் தொடாமல் பாட்டிலுக்கு மூடியைப் போட்டுத் திருகினேன். ஏன் என்று கேட்காதீர்கள். அந்த வார்த்தைகளைச் சுமந்துகொண்டிருக்கிற ஒன்றை எப்படி ஐயா ஊசியில் குத்தி வைப்பது?

அது சாவதானமாகக் குடித்தது. பிறகு கிளம்பி, விளக்குப் பக்கம் வராமல் ஆற்றுப் பக்கமாக இருட்டில் போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

“வந்துருவானா சாமி?”

“எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே நான் மந்திரவாதி இல்ல.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, மெதுவாகத் தலையாட்டினாள். சட்டையை எடுத்து உதறாமல் மடித்தாள். நான் வேட்டியை அவிழ்த்தேன். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மகனைக் கொண்டுவர எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி நடிக்கவும் முடியவில்லை. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வழியையும் நானே அடைத்துவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பொன்முடியிலிருந்து இறங்குகிற கடைசி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

“சாரே...” என்றாள். ‘சாமி’ போய்விட்டது! “அடுத்த அமாவாசைக்கும் வருவியள்லா?”

“நான் வந்து என்னம்மா பிரயோஜனம்? உன் பையனை—”

“அது அது பாட்டுக்கு இருக்கட்டும். அவன் வரும்போது வரட்டும். ஒத்தையில ரோட்டைப் பாத்துட்டு உக்காந்திருக்கதுக்கு இது கொள்ளாம், எவ்வளவோ தேவல. மழைகிழைன்னு வராம இருந்துராதிய கேட்டோ. நான் பாத்துட்டு இருப்பேன்.”

பஸ் கிளம்பிவிட்டது. வருவேன் என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். கேட்டதோ என்னவோ!

பாத்துட்டு இருப்பேன்... இந்த வார்த்தையை என்னிடம் ஒருத்தர் சொல்லி ஒன்றரை வருஷமாகிவிட்டது. விதுரை ஸ்டாப் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கள் வாசனைக்கு யாரும் கிட்டே வராததில் இப்படியும் ஒரு சௌகரியம்.

மறுநாள் காலேஜில் கேட்டார்கள் — என்ன ஸார், ஏதாவது கிடைத்ததா? பெட்டி காலி என்றேன். பொய்யில்லையே.

வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அது சரி, ஒரு மாதத்துக்கு எதற்கு இத்தனை நாள்?