ஆறேகால் மணிக் கட்டம்

இப்போது என் வீட்டில் ஆறு குளியலறை. ஷார்ஜாவில் வில்லா எடுத்துக் குடியிருக்கிற எங்கள் ஊர்க்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் நான் ஒருத்தன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த ஆறு குளியலறைக்கும் பைப் ஓட்டம் நான் போட்டது. இன்றைக்கு வரைக்கும் ஒரு ஜாயிண்ட் கசிந்ததில்லை, யார் வேண்டுமானாலும் வந்து தடவிப் பார்க்கலாம். ஒரே குறை, காலையில் இந்த வீட்டில் யாரும் யாருடைய கதவையும் தட்டுவதில்லை. ஆறேகால் ஆனால் என் காது தானாகப் பழைய ரோலா வீட்டுக்குப் போய்விடுகிறது.

ரோலா ஷார்ஜாவின் பழைய கடைத்தெரு; அங்கே மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு ஹால், ஒரே ஒரு பாத்ரூம். ஓர் அறையில் நான், மனைவி, ஆறு வயது மகள். பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்து அண்ணனும் அவர் சம்சாரமும். ஹாலைப் பலகை அடித்துத் தடுத்து இரண்டு பேச்சிலர்கள், சொந்த அண்ணன் தம்பி, ஓட்டல் வேலை. கீழே ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் வாசலில் எப்போதும் கூட்டம், மாடிப்படியில் எப்போதும் யார் வீட்டுக் கருவாட்டு வாசனையோ.

யாழ்ப்பாணத்து அண்ணன் ஆபீஸ் கிளார்க். பாத்ரூம் கதவில் அட்டவணை ஒட்டியது அவர்தான். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, காலை ஐந்து மணியிலிருந்து கால் மணிக்கு ஓர் ஆள், ஆளுக்குப் பத்து நிமிடம். ஐந்தே முக்கால் என் மனைவியின் கட்டம், ஆறேகால் என்னுடையது. மகளுக்குக் கட்டம் கிடையாது. அம்மாவின் பத்து நிமிடத்துக்குள்ளேயே அவள் பல், குளியல், மற்றதெல்லாம். ஷேரிங் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளை அங்கே யாரும் ஆளாகக் கணக்கெடுப்பதில்லை.

எட்டு வருடம் லீவுக்கு லீவு மட்டும் பார்த்த குடும்பம். ப்ளம்பிங் ஃபோர்மேன் ஆன கையோடு ஃபேமிலி விசா போட்டுக் கூட்டிவந்தேன். எங்கள் சைட்டில் அதற்கு முன் அப்படிச் செய்த ஆள் கிடையாது. வந்த மூன்றாவது மாதம் ஸ்கூலிலிருந்து முதல் போன் வந்தது. பிள்ளை ஜட்டியிலேயே ஆய் போய்விட்டாள், மாற்றுத்துணி கொண்டுவாருங்கள் என்று. அடுத்த வாரம் இரண்டு தடவை. அப்புறம் மூத்திரமும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை; பஸ்ஸில் கூட வந்த ஆயா சொல்லித்தான் தெரியும்.

நான் பார்த்தேன். தண்ணியாகப் போகிறது, அப்படியென்றால் பேதி. தண்ணியாகப் போனால் தண்ணியை நிறுத்த வேண்டும், அதுதானே என் தொழில்? பாலை நிறுத்தினேன், பழத்தை நிறுத்தினேன், தண்ணீர் பாட்டிலைப் பாதியாக்கினேன். வாழைக்காய் வறுவல், கட்டித் தயிர், பால் இல்லாத கட்டஞ்சாயா. இரண்டு நாள் நின்றதுபோல் இருக்கும், மூன்றாம் நாள் முன்னைவிட மோசம்.

ஒருநாள் டூட்டி முடிந்து வந்தால் கட்டிலுக்கு அடியில் சுருட்டி ஒளித்த ஜட்டி. அடித்துவிட்டேன். பக்கத்து அறைக் கதவு திறந்தது.

"தம்பி, பிள்ளைய அடியாதேங்கோ. அவள் வேணுமெண்டே செய்யிறாள்?" யாழ்ப்பாணத்து அக்கா உள்ளே வந்து அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஆறு வயதுப் பிள்ளையை, அந்த நாற்றத்தோடு.

"வேணும்னு செய்யாம? வர்றது தெரியாதாக்கா ஒரு பொண்ணுக்கு?"

"தெரியாதெண்டுதானே சொல்லுறாள். ஒருக்கா எண்டாலும் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. கேட்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

கடைசியில் ஸ்கூலில் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த டெர்ம் முடிவதற்குள் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் பழக்கிவிட்டுப் பிறகு கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பழக்க எனக்கு வீடு எங்கே இருக்கிறது? தாயையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிடுவதென்று முடிவெடுத்தேன். லூலு அளவுக்குப் பெரிய கடையெல்லாம் போகவில்லை, ரோலாவிலேயே பெரிய அட்டைப்பெட்டியும் நைலான் கயிறும் வாங்கிவந்து சாமானைக் கட்டி, பெட்டி மேல் ஊர் விலாசத்தை மார்க்கரில் எழுதிவைத்தேன். என் மனைவி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"எட்டு வருசம் போன்ல குடும்பம் நடத்தியாச்சு. இன்னும் எத்தனை வருசங்க?"

போவதற்கு முன் ஒரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்றேன்.

கிளினிக்கில் உருது பேசுகிற லேடி டாக்டர். என் ஹிந்தி சைட்டில் பழகிய ஹிந்தி, தப்பிருந்தாலும் சத்தமாக இருக்கும். அந்த அம்மா பிள்ளையைப் படுக்கவைத்து வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். சாப்பாட்டைக் கேட்டார், பாத்ரூம் நேரத்தைக் கேட்டார். அப்புறம் என்னிடம், "பாய், நீங்க என்ன வேலை?"

"ப்ளம்பிங் ஃபோர்மேன் மேடம். இந்த ரோட்டுல பாதி பில்டிங் ட்ரெயினேஜ் என் கை பட்டதுதான்."

"நல்லது. அடியில பைப் அடைச்சு, மேல மூடி வழியா கொஞ்சம் கொஞ்சமா கழிவு வழியுது. என்ன செய்வீங்க?"

"அடைப்ப எடுப்பேன்."

"மேல தண்ணிய நிறுத்துறது?"

"அது மடையன் செய்யிற வேலை. தண்ணி இல்லேன்னா அடைப்பு இன்னும் இறுகிடும்ல."

சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. டாக்டர் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டார். எத்தனையோ மேன்ஹோல் திறந்தவன். வழிவதைப் பார்த்ததும் அடைப்பு எந்த மூலை என்று சொல்கிறவன். சொந்த மகளிடம் மட்டும் வழிவதைப் பார்த்துத் தண்ணீரை மூடியிருக்கிறேன்.

அவர் நிதானமாக விளக்கினார். அவசரத்தில் போகாமல் அடக்கி அடக்கி அடிக்குடலில் கல்லாக இறுகியிருக்கிறது. அதைச் சுற்றித் தண்ணியாகக் கசிகிறது. குடல் விரிந்துபோனதால் வருவது அவளுக்கே தெரியாது. அதுவே மூத்திரப்பையையும் நெருக்குகிறது. இளக்குவதற்குத் தண்ணீரில் கரைக்கும் மருந்துப்பொடி, அதுவும் மாதக்கணக்கில், சரியாகிவிட்டதென்று நாமாக நிறுத்தக்கூடாது. தண்ணீர், பழம். தினமும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம், கால் தரையில் ஊன்றியதுபோல் வைத்து, யாரும் அவசரப்படுத்தாமல் உட்கார வேண்டும். "திட்டக்கூடாது பாய். போனாலும் போகாட்டியும்."

மருந்து சுலபம். அந்தப் பத்து நிமிடம்தான் கஷ்டம். மகளை டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன், "ஏன் கண்ணு அடக்கின?"

"கதவைத் தட்டுறாங்கப்பா. தட்டுனா உள்ள போயிடுது."

ஸ்கூல் பஸ் ஆறே முக்கால். சாப்பிட்டு முடித்த பிறகு என்றால் ஆறேகால்தான் சரியான நேரம். அட்டவணையில் அது யாருடைய கட்டம்? என்னுடையது. அன்று மாலையே யாழ்ப்பாணத்து அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, என் கட்டத்துல பிள்ளையப் போடுங்க."

"அப்ப நீர் எங்க போவீர்?"

"கேம்ப்ல பாத்துக்கிறேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத்தாளில் முதலிலிருந்து கோடு போட்டார். என் இடத்தில் 'பிள்ளை' என்று எழுதினார், கொட்டை எழுத்தில்.

மறுநாள் விடியற்காலை தொழில்பேட்டையில் எங்கள் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பின் குளியலறை வரிசையில், தோளில் துண்டும் கையில் பக்கெட்டுமாக நான். என் கீழே வேலை பார்க்கிறவர்கள் முன்னாலும் பின்னாலும்.

"என்ன ஃபோர்மேன், வீட்ல தண்ணி மாஃபி, இல்லாமப் போச்சா?"

"அண்ணி தொரத்தி விட்ருச்சுடா, கேக்காத!"

"யல்லா யல்லா, ஃபோர்மேனுக்கு வழி விடுங்கடா, அவசரம்போல!"

சிரித்தால் சிரிக்கட்டும் என்று நின்றேன். அடுத்த வேலை, காலுக்குப் பலகை. மகளை உட்காரவைத்து, முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே வரும்படி டேப் பிடித்து அளந்தேன். நாலு இஞ்ச் பிவிசி பைப்பில் நாலு கால், மூலைக்கு எல்போ வளைவு போட்டுச் சுற்றிச் சட்டம், மேலே பலகை, வழுக்காமல் ரப்பர் மேட் வெட்டி ஒட்டினேன். நான் செய்த ஜாயிண்டுகளில் உசத்தி எது என்று கேட்டால் அந்தக் கால்பலகையின் எட்டு ஜாயிண்டையும் சொல்வேன். ஆள் ஏறிக் குதித்தாலும் ஆடாது.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்பதுபோலவே இருந்தது. அடைப்பு இளகியபோது முன்னைவிட அதிகமாகவே கசிந்தது. அந்த நாட்களில் ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. ஒளித்துவைக்காமல் ஜட்டியை அவளே கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கி அலசிப்போட்டேன். யாழ்ப்பாணத்து அக்கா தினமும் பப்பாளி அரிந்து வைப்பார். கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளுக்கு நரிக்கதை சொல்வார். பஸ் ஆயா போன் செய்து, இன்றைக்குப் பையில் வைத்த துணி பையிலேயே இருக்கிறது என்று சொன்னது டெர்ம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் நனைந்தது. பிறகு தொடர்ந்து ஆறு நாள் துணி பையை விட்டு வெளியே வரவில்லை.

ஸ்கூலில் வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, எனக்கு டூட்டி இல்லை. ஆறேகாலுக்கு ஹால் பேச்சிலர்களில் இளையவன், நைட் ஷிப்ட் முடித்த தூக்கக் கலக்கத்தில் பழைய பழக்கத்தில் வந்து கதவைத் தட்டிவிட்டான். நான் அறையிலிருந்து ஓடினேன், அவ்வளவும் உள்ளே போய்விடுமே என்று. அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது, யாழ்ப்பாணத்து அக்காவிடமிருந்து பிடித்துக்கொண்ட பேச்சில்.

"இது என்ர நேரம்! கதவில பாருங்கோ!"

அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு தாளைப் பார்த்தான். "ஸாரிம்மா, ஸாரி," என்று சுவரில் சாய்ந்து நின்றான். நான் திரும்பி வந்தபோது என் மனைவி அட்டைப்பெட்டியின் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பால்கனியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டச் சொன்னாள். துணி காயப்போட அதுவரை எங்களுக்கென்று கொடி இல்லை.