விரால் மூச்சு

எங்கள் ஆபீஸில் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். யாராவது தம்ளரில் பிடித்தால் உள்ளே பெரிய குமிழ் ஒன்று மேலேறி 'களுக்' என்று உடையும். உடனே என் வலது கை தூண்டிலை இழுப்பதுபோல் தானாக ஒரு வெட்டு வெட்டும். எதிர் சீட்டுக்காரர் நரம்புக் கோளாறு என்று நினைத்து நல்ல டாக்டர் ஒருவரைக்கூடச் சொன்னார். விரால் மூச்சு வாங்குகிற சத்தம் சார் அது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? தண்ணீரிலேயே கிடந்தாலும் விரால் காற்றுக்கு மேலே வந்தாக வேண்டும். ஒரு வாய் குடித்துவிட்டுக் 'களுக்'கென்று உள்ளே போய்விடும்.

அந்தச் சத்தத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவன் அந்தோணி. நான் திண்டுக்கல்லில் எலெக்ட்ரிக்கல் கடையில் சேர்ந்த புதிதில், பக்கத்தில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தான். ஞாயிறு விடிந்தால் அவன் பைக்கின் பின்னால் இரண்டு தூண்டில் ராடுகளோடு நான். சாணார்பட்டிப் பக்கத்துக் குளங்களில், முள்ளில் மாட்டிய ரப்பர் தவளையை வீசி இழுப்போம். அது தண்ணீர்மேல் தத்தித் தத்தி வரும், விரால் பாய்ந்து அடிக்கும். அவன் தவளையை, என்னுடையதை அல்ல. நான் பிடித்ததெல்லாம் கருவேல மரம், ஆகாயத் தாமரை, ஒருமுறை என் சட்டைக் காலர்.

"ஒனக்கு மரம் நல்லாச் சிக்குது மாப்ள. பேசாம விறகுக்கடை வச்சிரு" என்பான்.

ஆரம்பத்தில் நாலைந்து பேர்தான். பெரிய மீன் பிடித்தவனுக்கு மற்றவர்கள் பரோட்டா வாங்கித்தர வேண்டும், அதுதான் போட்டி. பிறகு யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கார்கள் வந்தன. முதுகில் பேர் போட்ட பனியன், ஷாமியானா, மைக், கோப்பை. அந்தோணி கடையில் வண்டிகள் பாதி கழற்றியபடி கிடந்தன. அவன் மனைவி ரீத்தாவின் செயின் வெளிநாட்டுத் தூண்டில் ரீலாக மாறியது. "எங் கழுத்துல கெடந்தது இப்பக் கொளம் கொளமாச் சுத்துதுண்ணே" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சில மாதத்தில் அந்தச் சிரிப்பும் நின்றது.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. மீனைக் கொல்லக்கூடாது. பிடித்தவனே தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, மேடைக்கு முன்னால் அளந்து காட்டி, அங்கேயே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தருமமான விதிதான். நானும் கைதட்டியிருக்கிறேன்.

அந்த வருஷப் போட்டி, அவன் மகள் ஜெனி மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது.

"பூசைக்கு முன்ன வந்துருவீல்லப்பா?"

"எம் புள்ள பக்கத்துல நிக்காம வேற எங்க போயி நிக்கப்போறேன்?"

விடிகிற நேரம், குளத்தின் தென்கோடியில், ஒரு கை குங்குமத்தை அள்ளிப் போட்டாற்போல் தண்ணீர்மேல் சிவப்பு. விரால் குஞ்சுகள். பந்தாகக் கூடிக் கொதித்துக்கொண்டிருந்தன.

"அடியில அப்பன்காரன் நிக்கிறான்டா" என்று அந்தோணி கிசுகிசுத்தான். "கடேசிவரைக்கும் காவலு அவன்தான். பசி இல்லாட்டியும் அடிப்பான்." குஞ்சுகளுக்கு நடுவே தவளையை வீசினான். தண்ணீர் வெடித்தது.

தொடை கனத்துக்கு ஒரு விரால். சுருக்காக அளந்துவிட்டுக் கிளம்பலாம் என்று வடகரை மேடைக்கு ஓடினோம். சிறப்பு விருந்தினர் வந்த பிறகுதான் அளப்போம் என்றார்கள். அவர் பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாராம்.

அந்தோணி நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தான். அவன் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தொட்டிக்குள் மீன் சுவரை முட்டும், 'களுக்'கென்று மூச்சு வாங்கும், மறுபடி முட்டும்.

"விட்டுட்டு வாடா, போயிருவோம்."

"செத்த நேரம் மாப்ள. ஒட்டன்சத்திரம் தாண்டிட்டாகளாம்."

கோப்பை அவனுக்குத்தான். மீனை வடகரையில் விட்டான். கூட்டம் கைதட்டியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் காலியாகிக்கொண்டிருந்தது. வெள்ளை கவுனும் அணைந்த மெழுகுவர்த்தியுமாக ஜெனி வாசற்படியில் நின்றாள். ரீத்தா எங்களைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். பிள்ளை கோபிக்கவே இல்லை. "மீனு எம்புட்டு பெருசுப்பா?" என்று கேட்டது.

மீன் அளவு கேட்டுக் கையை விரிக்காத தூண்டில்காரன் உலகத்தில் உண்டா? அந்தோணி கொஞ்சம் கூட்டியே விரிக்கிற ஆள். அன்றைக்கு இரண்டு கையும் தொங்கிக்கொண்டே இருந்தன.

"சின்னதுதாம்மா."

அடுத்த ஞாயிறு ராடு இல்லாமல் என்னைத் தென்கோடிக்குக் கூட்டிப்போனான். சிவப்பைக் காணோம். கரையில் இரண்டு நீர்க்காகங்கள் இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தன.

"அப்பன்காரன் நீந்தி வந்திருப்பான்ல மாப்ள? வழி தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்டா" என்றேன். எனக்கென்ன தெரியும்.

போட்டி அதற்கப்புறமும் வளர்ந்துகொண்டேதான் போனது. படகு வந்தது, பரிசாக பைக்கே வந்தது. காவல் நின்ற மீன்களை இந்தக் கரையில் எடுத்து அந்தக் கரையில் விட்டுக் கைதட்டினார்கள். ஜெனி படித்து முடித்து வெளியூரில் வேலை பார்க்கிறாள். அந்தோணி ஒரு ஞாயிறு பூசையும் விடுவதில்லை. ஆனால் உள்ளே போவதில்லையாம், வாசற்படியிலேயே நிற்கிறானாம்.

போன மழைக்கு அந்தக் குளம் நிறைந்தது. அந்தப் பக்கம் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கித் தென்கோடியில் வெகுநேரம் காது கொடுத்துப் பார்த்தேன். தண்ணீர் தளும்பிக் கிடந்தது. மூச்சு வாங்கத்தான் ஒன்றும் மேலே வரவில்லை.