ஆறாம் மாதத்துக் கிரகணம்

என் ஆய்வக மேசையின் இழுப்பறையில் ஒரு பழைய பவுடர் டப்பா கிடக்கிறது. உள்ளே கொஞ்சம் சாம்பல். ஆரணியில் என் அக்கா பாவு பிணைக்கும்போது விரலில் தொட்டுக்கொண்ட சாம்பல் அது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்ததும் அதன் நுனிகளோடு அடுத்த பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். வழுக்கும் பட்டு விரலுக்குப் பிடிபடச் சாம்பல் வேண்டும். அக்காவின் மாமியார் அந்த டப்பாவைக் குப்பையில் வீசியபோது நான்தான் பொறுக்கி எடுத்தேன். அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அக்காவின் முதல் குழந்தை பெண். முதுகின் அடியில் தண்டுவடம் மூடாமல், பாதங்கள் இரண்டும் உள்பக்கம் முறுக்கிக்கொண்டு பிறந்தாள். அறுவை செய்து முதுகை மூடினார்கள். கால்களுக்கு உணர்ச்சி வரவில்லை. வீட்டில் காரணம் தேடினார்கள், சுலபமாகக் கிடைத்தது. அக்காவுக்கு ஆறாம் மாதம் நடந்தபோது ஒரு கிரகணம் வந்தது; அன்று அவள் பாவு பிணைத்தாள். "கிரகணத்தன்னிக்கு இழைய முறுக்கிகினு உக்காந்திருந்தா. புள்ள கால் முறுக்கிக்காம என்ன பண்ணும்?" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் சொன்னார். தறி சும்மா நிற்கிறது, ஜல்தியாக முடி என்று அன்று அவளை உட்கார வைத்ததே அந்த அம்மாள்தான். கிரகணம் அவர் ஞாபகத்துக்கு வந்தது பிரசவத்துக்குப் பிறகு; சாம்பல் டப்பாவை வீசியதும் அப்போதுதான். அக்காவின் கணவர், எங்கள் மாமா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

என் வேலையே நரம்புச் செல்களோடுதான். கரு எள்ளளவு இருக்கும்போதே அதன் முதுகில் ஒரு தட்டையான பட்டை விளிம்பு தூக்கி, குழாயாக மூடிக்கொள்கிறது. அதன் அடியிலிருந்து ஒரு புரதம் கசிகிறது, மேலிருந்து வேறொன்று. தன்னிடம் எது எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு செல்லும் தான் என்னவாக வேண்டும் என்று அறிகிறது. கீழே இருப்பது காலை அசைக்கும் நரம்பாகும். மேலே இருப்பது தொடுகையை மூளைக்குச் சொல்லும். நான்காவது வாரத்துக்குள் குழாய் மூடியாக வேண்டும். நாள் தள்ளிப்போனதே அப்போது பலருக்கு உறைக்காது. ஆறாம் மாதத்துக் கிரகணத்துக்கு அங்கே செய்ய எதுவும் மிச்சமில்லை.

இதையெல்லாம் மாமியாரிடம் கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்து விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், இதைத் தடுக்க மருந்து ஏதும் இருக்கிறதா என்றார். இருக்கிறது, ஃபோலிக் அமில மாத்திரை, கருத்தரிக்கும் முன்பிருந்தே சாப்பிட்டால் பெரும்பாலும் தடுக்கலாம் என்றேன். படித்தவள் என்ற மிதப்பு. மறுவாரமே தெருவில் பேச்சு மாறியது.

"தங்கச்சிக்காரியே சொல்லிட்டா. மாத்திர முழுங்கியிருந்தா புள்ள நடந்திருக்கும். இவதான் முழுங்கல."

அந்த மாத்திரையை டாக்டர் அக்காவுக்கு எழுதிக்கொடுத்ததே மூன்றாம் மாதத்தில். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அவர்கள் கையிலிருந்த கிரகணத்தைப் பிடுங்கிவிட்டு, அதைவிடக் கெட்டியான தடியை நானே கொடுத்திருந்தேன். கிரகணத்தையாவது அக்கா நம்பாமல் இருக்கலாம். மாத்திரையை எப்படி நம்பாமல் இருப்பாள்?

போன மாதம் ஆரணிக்குப் போனபோது டப்பாவையும் எடுத்துப் போனேன். குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு. காலில் இரும்புப் பட்டை மாட்டி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். அக்காவைத் திரும்பவும் பாவுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் வேறு யார் பிணைத்தாலும் அறுந்துபோகிறதாம். சாம்பலைக் கொட்டாங்கச்சியில் வைத்திருந்தாள். நான் டப்பாவை நீட்டினேன். அவள் வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, இழையிலேயே கண்ணை வைத்தபடி கேட்டாள்.

"அந்த மாத்திர சமாச்சாரம் உனுக்கு என் கல்யாணத்தப்பவே தெரியுமாடி?"

தெரியும். அப்போதே நான் ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டு வருடம். அவள் கல்யாணத்துக்குக் கைக்கடிகாரம் வாங்கிக்கொடுத்தேன், ரவிக்கை நிறத்துக்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டேன். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

"தெரியும்க்கா" என்றேன்.

அவள் டப்பாவை மூடி என் பையில் வைத்தாள். "நீயே வெச்சிக்க" என்றாள். கொட்டாங்கச்சிச் சாம்பலை விரலில் தொட்டுக்கொண்டு அடுத்த இழையை எடுத்தாள்.

இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்த மாமியார் மீதுதான் கோபம் வரும். இப்போது அவர் இரண்டாவது.