இன்னும் கொஞ்சம் கெட்டியாக

1998, தை மாதம். காலை ஏழு மணிக்கு வேலூரில் பஸ் ஏறினேன். ஆரணிக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய். தங்கையின் முகூர்த்தப் புடவைக்கு நூல் சாயமேற்றுவதைக் கூடவே நின்று பார்த்தே தீருவேன் என்று கிளம்பியிருந்தேன். கட்டப்போகிறவளுக்கு இல்லாத கவலை எனக்கு.

பத்து மணிக்குச் சாயக்காரர் ஏழுமலை அரக்குச் சிவப்பு நூலைப் பிழிந்து உதறிக் காட்டினார். வெயிலில் அது வெளிறித் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் கெட்டியா வேணுங்க."

"தறியில ஏறிச்சின்னா கெட்டியாத்தான் தெரியும் சார்."

நான் விடவில்லை. மாதிரிக்கு அந்த நூலில் ஒரு பிடியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, கொப்பரையைக் கவிழ்த்துப் புதுச் சாயம் கரைத்தார். அதன் மிச்சமும் பட்டறைக்குப் பின்னால் கால்வாயில் போய் விழுந்தது.

நூல் காய நாலு மணியாகும் என்றார். சாப்பிட்டுவிட்டு, களம்பூர் பக்கமாகக் கால்வாயை ஒட்டிப் பொழுதுபோகாமல் நடந்தேன். ஒரு கழனி ஓரத்தில், மடையை மண் போட்டு அடைத்துவிட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் சரோஜா. பக்கத்தில் கத்தரி நாற்றுக் கட்டுகள் தலை தொங்கிக் கிடந்தன.

"தண்ணிதான் ஓடுதே, பாய்ச்சலையா?"

"கலரு போவட்டும்னு காத்துகினு கீறேன் சார். காலையில ஒரு செவப்பு வந்துது. மதியத்துல தெளிஞ்சிரும், நட்டுடலாம்னு நாத்தைப் புடுங்கிட்டேன். பார்த்தா அதே செவப்பு, இன்னும் கெட்டியா வருது. எவனோ பார்ட்டி திருப்பிப் போடச் சொல்லிட்டான். பேஜாரா போச்சு."

"இந்தத் தண்ணியையே விட்டா?"

"போன தபா விட்டேன், மொத்தமும் கருகிச்சு. இதுல தவளையே இல்ல சார், நாத்து எப்படி பொழைக்கும்?"

"அந்தப் பார்ட்டி நான்தாங்க" என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணமா?"

"தங்கச்சிக்கு."

"நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, நாற்றுக் கட்டுகளை எடுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் ஆடுகளுக்குப் போட்டார். அவ்வளவுதான். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

ஐந்தரை மணி பஸ்ஸில் மாதிரி நூலோடு திரும்பினேன். சித்திரையில் கல்யாணம். மண்டபத்தில் எல்லோரும் புடவையின் நிறத்தைப் புகழ்ந்தார்கள். சட்டைப்பையில் வைத்திருந்த, வெளிறல் என்று நான் தள்ளிய அந்தப் பழைய பிடி நூலை எடுத்து முந்தானையில் வைத்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.