கறுப்பு டி-சர்ட்டின் இடது கை

போன தீபாவளி லீவில் நடந்தது. கோவா கடற்கரையில்.

நாங்கள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். பதினாலு பேர் சேர்ந்து போனோம். எல்லாம் பொம்பளைகள்தான். புளிசோறு கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம்.

எனக்கு செக்கிங் வேலை. தைத்து வந்த பீஸை டேபிளில் விரித்து, உள்ளே வெளியே திருப்பி, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோளாறு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருபது வருஷமாக அதுதான். அதிகம் பேச மாட்டேன். பேசினால் பீஸ் தப்பிப் போய்விடும்.

எங்கள் கூட வந்ததில் ஒரு பொண்ணு. என் டேபிளில் எனக்கு எதிரே நிற்பவள். கல்யாணமாகி மூன்று மாதம். ஊருக்குக் கிளம்புகிற அன்று அவளைக் கூட்டிவர அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, தாலிக்கொடியக் கழட்டி வச்சுப்போட்டு மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. தெரியாத ஊரு. அத்துட்டுப் போயிருவானுங்க."

எங்கள் பக்கம் அது வழக்கம்தான். தூரமாகப் போனால் தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கோர்த்த கயிற்றைக் கட்டிக்கொள்வோம். நானும் அதைத்தான் கட்டியிருந்தேன். ஆனால் பொண்ணு முகம் வாடிவிட்டது. கடலுக்கு முன்னால் கொடி போட்டுப் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "போட்டுட்டு வரட்டுங்க. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தம்மா என்னையே பார்த்தார். தன் ரெண்டு வளையலை அழித்துச் செய்து போட்ட கொடி அது. "நீங்க சொல்றீங்கன்னுதான் உடறேன்" என்றார்.

கடலை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். அயர்ன் செய்கிற அக்கா ஒருத்தர் அலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "ஏன்டி, மோட்டாரே போடாம இத்தனை தண்ணி வருதே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்கள் ரெண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. சேலை நனைந்து கல்லு மாதிரி கனத்தது.

பொண்ணு போட்டோ எடுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு பெரிய அலை அடித்தது. கொடியில் திருகு லூசாகிவிட்டது. பயந்துபோய்க் கழற்றி என் கையில் கொடுத்தாள். யாரோ வைத்திருந்த மஞ்சக்கயிற்றை வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான் கொடியைக் கர்ச்சீப்பில் வைத்து, ரெண்டு முடிச்சுப் போட்டு, என் துணிப்பைக்குள் அடியில் வைத்தேன். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அதற்கப்புறம் தண்ணிக்குள் இறங்கவே இல்லை.

பொழுது இறங்கினதும் கடைத்தெருவுக்குப் போனோம். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் ஆட்டம். சிவப்பு, பச்சை, ஊதா என்று லைட்டு மாறி மாறி எரிகிறது. நிற்க இடமில்லை. தெரு முழுக்க டி-சர்ட் கடை. ஊர் பேர் அச்சடித்த கறுப்பு டி-சர்ட். வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் போட்டிருந்தார்கள்.

"ஒரு பகலு ஒரு ராத்திரி ரயில்ல வந்து நம்மூருப் பனியனையே பாக்கறோம்" என்றாள் பொண்ணு.

உண்மைதான். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நானும் அவளும் ஒரு கடையில் நின்றோம், ஒரு பீஸைத் தொட்டேன். துணியைத் தொட்டதுமே தெரிந்தது. அடிமடிப்பில் ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார், ஒன்றும் இல்லை என்கிற மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. உள்பக்கம் திருப்பிக் காட்டலாம் என்று நினைத்தேன். டி-சர்ட்டைத் திருப்ப ரெண்டு கையும் வேண்டும். பையை எடுத்து அங்கே அடுக்கியிருந்த துணி மேல் வைத்தேன்.

திருப்பினேன். விட்டுப்போன தையலுக்குள் விரலை நுழைத்துக் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார். "திருப்பூர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பையைப் பார்த்தால் காணோம்.

திரும்பினேன். கூட்டத்துக்குள் ஒருத்தன் வேகமாகப் போகிறான். முகம் தெரியவில்லை. முதுகுதான். கறுப்பு டி-சர்ட். கடை வாசல் டியூப்லைட் அவன் மேல் ஒரு நொடி அடித்தது. டி-சர்ட்டின் இடது கை வேறு லாட். உடம்புத் துணி ஒரு நாள் சாயத்தில் முக்கினது, கை இன்னொரு நாள் முக்கினது. ரெண்டும் கறுப்புதான். ஆனால் கையில் லேசாகச் செம்மை ஓடியது. அவ்வளவுதான் பார்த்தேன். ஆள் மறைந்துவிட்டான்.

பொண்ணு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தைகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கொடி போனது ஒரு பக்கம். ஒரு புது மருமகள் வெறும் மஞ்சக்கயிற்றோடு அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். என் பேச்சை நம்பித்தான் அனுப்பினார்கள்.

கூட்டத்துக்குள் புகுந்து போனேன். எல்லாம் கறுப்பு டி-சர்ட். ஆட்டம் போடுகிற இடத்தில் ஒரு முதுகு. இடது கை செம்மையாக இருந்தது. எட்டிப் பிடித்துவிட்டேன். சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.

அந்த ஆள் திரும்பினார். நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். தொப்பை.

"ஏனுங்க அக்கா, சட்டைய உடுங்க. இன்னைக்குத்தானுங்க வாங்குனேன்" என்றார்.

கையை எடுத்துவிட்டேன். நம்ம ஊர்ப் பேச்சு. கோயமுத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிற நாலு பேர், ஒரே மாதிரி டி-சர்ட் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் மேலே பார்த்தேன். சிவப்பு லைட்டு. அதில் எல்லார் கையும் செம்மையாகத்தான் தெரியும். கலர் லைட்டில் சாயம் பார்க்கக் கூடாது என்று கம்பெனியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. பதட்டத்தில் மறந்துவிட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

"ஆளு எப்படி இருந்தானுங்க?"

"முகம் பாக்கலீங்க. இடது கை வேற லாட்டு."

நாலு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "எனக்கு எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்புத்தானுங்க அக்கா" என்றார் தொப்பைக்காரர். "எங்க நாலு பேருக்கும் கை சரியா இருக்குதுங்களா?"

வெள்ளை லைட்டுக்குக் கூட்டிவந்து பார்த்தேன். "கை சரிங்கண்ணா. உங்களுதுக்குக் கழுத்துப்பட்டி கோணல்."

"அப்பவே சொன்னேன்ல, பேரம் பேசாதடான்னு" என்றார் இன்னொருத்தர்.

அதில் ஒருத்தருக்கு இந்தி தெரியும். அவர் போலீஸ்காரரைக் கூட்டிவரப் போனார். மற்ற மூன்று பேரும் சொன்னார்கள், இந்தத் தெருவுக்கு வழி ரெண்டுதான், கூட்டம் இருக்கிற வரைக்கும் அவனுக்கும் இங்கேதான் வேலை, போகமாட்டான் என்று. எவனாவது ஓடிவந்தால் மறிக்கலாம் என்று கடற்கரைப் பக்கம் ரெண்டு பேர் போய் நின்றார்கள். இந்தப் பக்கம் ஒரு ஜூஸ் கடை. வெள்ளை லைட்டு. நான் அதன் கீழே நின்றுகொண்டேன். பொண்ணு என் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள்.

அப்புறம் நான் முகம் ஒன்றையும் பார்க்கவில்லை. கம்பெனியில் பீஸ் வருகிற மாதிரி ஆட்கள் வந்தார்கள். கை, கை, கை. நல்ல பீஸ், நல்ல பீஸ். ஒன்றுக்கு அடிமடிப்பு பிரிந்திருந்தது. ஒன்றுக்குச் சைடுத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தது. தொப்பைக்காரர் ஒவ்வொருத்தனாகக் காட்டி, "இவனுங்களா? இவனுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அரைமணி நேரம் இருக்கும்.

வந்தான். ஒரு பெரிய தோள்பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, டூர் வந்தவன் மாதிரி ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வந்தான். சின்ன வயசு. முகத்தில் ஒரு பதட்டமும் இல்லை. இடது கை வேறு லாட்.

கத்தினால் ஓடிவிடுவான். தொப்பைக்காரருக்கோ கறுப்பில் வித்தியாசம் தெரியாது. அவன் கூட்டத்தில் கலந்துவிட்டால் என்னாலும் துரத்த முடியாது. இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. அதில் ஸ்டிக்கர் சீட்டு எப்போதும் ஒன்று கிடக்கும். ஒன்றை உரித்து விரலில் வைத்துக்கொண்டேன். அவனைத் தாண்டிப் போகிற மாதிரிப் போய், அந்தக் கையில் ஒட்டினேன். ஒரு நாளைக்கு நூறு ஒட்டுகிற விரல். அவனுக்குத் தெரியவே இல்லை.

திரும்பி வந்து, "சிவப்பு அம்பு ஒட்டியிருக்கறவனுங்க அண்ணா" என்றேன்.

தொப்பைக்காரர் அடிக்கவில்லை, கத்தவில்லை. நேராகப் போய் அவன் தோளில் கையைப் போட்டார். "கண்ணு, கொஞ்சம் நில்லு கண்ணு" என்றார். அவனுக்குத் தமிழ் புரிந்திருக்காது. ஆனால் அந்தக் கை பட்டறையில் இரும்பு தூக்குகிற கை. ஐஸ்கிரீம் கீழே விழுந்தது. அதற்குள் இந்தி தெரிந்தவர் போலீஸ்காரரோடு வந்துவிட்டார்.

அவன் பைக்குள் மூன்று பர்ஸ், நாலு போன், அடியில் என் துணிப்பை. கர்ச்சீப்பை எடுத்தேன். போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பிரித்துப் பார்த்தேன். கொடி இருந்தது.

பொண்ணு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். எனக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணி வந்தது. ஜூஸ் கடைக்காரர் கேட்காமலே ரெண்டு டம்ளர் ஜூஸ் நீட்டினார்.

போலீஸ் அவுட்போஸ்ட்டில் எழுதி வாங்கினார்கள். போனைத் தொலைத்தவர்களும் ஒருத்தர் ஒருத்தராக வந்தார்கள். வடக்கத்திக்காரம்மா ஒருத்தர் என் ரெண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை. புரிந்தது.

முகம் தெரியாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டாராம். இந்தி தெரிந்தவர் விளக்கிச் சொன்னார். போலீஸ்காரர் நம்பவில்லை. தன் யூனிபாரம் காலரைக் காட்டி, இது எப்படி என்றார். "இடது பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்குங்க" என்றேன். கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

பட்டறைக்காரர்கள் எங்களை ரூம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். மீதி இருந்த புளிசோற்றை அவர்களுக்குப் போட்டோம். ரெண்டு நாளாக ரொட்டியே தின்றிருந்தார்களாம். "கொடி கெடைச்சது உங்களுக்கு, சோறு கெடைச்சது எங்களுக்கு" என்று பாத்திரத்தை வழித்துத் தின்றார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் பொண்ணு என் காதோடு சொன்னாள். "அத்தைகிட்டச் சொல்லீராதீங்க அக்கா. அதுதான் கெடைச்சுருச்சே." ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தேன். தூக்கம் வரவில்லை.

திருப்பூரில் இறங்கியதும் கொடியின் திருகை இறுக்கி அவளுக்கு மாட்டிவிட்டு, அவளை வீட்டில் விடப் போனேன். மாமியார் முதலில் அவள் கழுத்தைத்தான் பார்த்தார். கொடி இருந்தது. "வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

நான் நின்றபடியே எல்லாத்தையும் சொல்லிவிட்டேன். பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தம்மா மருமகள் கழுத்துக் கொடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டார். "பைய எங்க வச்சீங்க?"

"துணி மேலீங்க."

"ரெண்டு கையும் என்ன பண்ணுச்சு?"

"பீஸத் திருப்பிட்டிருந்துச்சுங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். "கடல் பாக்கப் போயும் கம்பெனி வேலையா அம்மணி? ஓவர்டைம் போட்டுக் குடுப்பாங்களா?" பொண்ணும் சிரித்துவிட்டாள். நானும்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "அடுத்த வருசம் நானும் வாரேன். நகை நட்ட நான் பாத்துக்கறேன். நீங்க துணியப் பாருங்க."

அடுத்தவர்கள் தையலில் தப்புக் கண்டுபிடித்தே எனக்கு இருபது வருஷம் போனது. என் தப்பை நானே எடுத்துச் சொன்னது அன்றைக்குத்தான், அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் யாரும் கூப்பிடாமலே போகிறேன், காப்பி கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.