ஆறாவது பெண்

இந்த அமெரிக்க ஊருக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியும் எனக்குப் பழகாத ஒன்று, மளிகைக் கடையில் பார்க்கும் முழங்கால்கள். மாலை ஆறு மணிவாக்கில் கல்லூரியின் கால்பந்துப் பெண்கள் பயிற்சி முடித்து நேராகக் கடைக்கு வருவார்கள். அரைக்கால்சட்டை, சேறு அப்பிய காலுறை, முழங்காலில் புதிதாய் உரிந்த தோல். அப்படியே பால் அடுக்கின் முன் நின்று எந்தப் பாலை எடுப்பது என்று சண்டை போடுவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்லாவில் இருப்பவர் மட்டும், "ஜெயிச்சீங்களா?" என்பார். "இல்லை, மோசமாகத் தோற்றோம்" என்று ஒருத்தி சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போவாள். நான் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கால்களையே பார்த்தபடி நிற்பேன். கல்லூரி நாள்களில் என் முழங்காலிலும் இப்படி ஒரு காயம் இருந்தது. எட்டு நாள் பாவாடையைத் தரையில் இழுபடவிட்டு நடந்தேன். அம்மா கேட்டபோது, ரயில் ஏறும்போது இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

என் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் கோயம்புத்தூர், மதுரை, வேலூர் என்று எல்லா ஊர்க் குடும்பங்களும் இருந்தன. எண்பதுகளின் நடுவில் நான் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தேன். ஆணும் பெண்ணும் படிக்கும் கல்லூரி. பின்பக்கம் பெரிய மைதானம். கிரிக்கெட், கபடி, வாலிபால், ஓட்டம், எல்லாம் உண்டு, பையன்களுக்கு. பெண்களுக்கு ஓய்வறையில் ஒரு கேரம் பலகை இருந்தது. அதில் சிவப்புக் காய் தொலைந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அங்கேதான் கன்னியம்மாவைச் சந்தித்தேன். அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டுக்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். வயல்கள் போய்த் தொழிற்பேட்டை வந்தபிறகு அப்பா ஒரு கம்பெனியில் லோடு ஏற்றினார். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஒரு நாள் மைதான ஓரமாக நடந்துபோகும்போது பையன்களின் வாலிபால் எங்கள் பக்கம் பறந்து வந்தது. எல்லோரும் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டோம். கன்னியம்மா நின்ற இடத்திலேயே எம்பி, ஒரு கையால் அந்தப் பந்தை அடித்தாள். அது வலையைத் தாண்டி எதிர்க் கோட்டுக்குள் விழுந்தது. "இன்னாடி பாக்குறே? எங்க தெருவுல டெய்லி இத்தான் வேல" என்றாள் என்னிடம்.

அணி கேட்க வேண்டும் என்ற எண்ணம் அவளுடையது. பேசவேண்டிய வாய் என்னுடையது. உடற்பயிற்சி ஆசிரியர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லேடீஸ் டீமா? கூட வர்றதுக்கு லேடி ஸ்டாஃப் யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார். தமிழ்த்துறையில் ஒரு விரிவுரையாளர் அம்மா இருந்தார். அவரிடம் போய் நின்றோம். "எனக்கு வாலிபால்னா என்னன்னே தெரியாது. ஆனா பஸ்ல கூட வந்து உக்காரத் தெரியும்" என்று சொல்லி ஒப்புக்கொண்டார். முதல்வர் கடைசி நிபந்தனை போட்டார். ஆறு பெண்கள் சேர வேண்டும், ஒவ்வொருத்தியும் சம்மதக் கடிதத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். கடிதத்துக்காக நாங்கள் இருவரும் பாடி, திருமுல்லைவாயில், கொரட்டூர் என்று வீடு வீடாக அலைந்தோம். என் அப்பா படித்துப் பார்த்தார். "அடிபடாம வெளயாடணும்" என்றார், கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். நான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் வீணானது.

கம்பத்தில் பையன்களின் உயரத்துக்குத்தான் கொக்கி இருந்தது. பெண்களுக்கு வலை ஏறக்குறைய ஒரு சாண் தாழ இருக்க வேண்டும். கன்னியம்மா தினமும் கயிற்றால் இறக்கிக் கட்டுவாள், நாலரை மணிக்குப் பையன்கள் வந்ததும் அவிழ்த்துவிடுவாள். அண்ணன் தம்பிகளின் பேண்ட்டை இடுப்பில் நாடா போட்டுக் கட்டிக்கொண்டு ஆடினோம். மைதான ஓரம் விசிலடித்தார்கள். முதல் வாரம் கூசியது. மூன்றாவது வாரம் விசில் காதில் விழவில்லை. பந்து என் முன்கைகளில் மோதி நேராக மேலே எழும்பும்போது வரும் அந்தச் சத்தத்தை வேறு எதற்காகவும் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் அப்போது நம்பினேன்.

நகரத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. சனிக்கிழமை காலை. எங்கள் அணியில் சரியாக ஆறு பேர், உபரி ஒருத்திகூட இல்லை. கன்னியம்மாவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. "சர்ட்டிபிகேட் இருந்தா ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டால எடுக்கறாங்களாம். எங்கப்பா இன்னும் எத்தினி வருசம் மூட்ட தூக்குவாரு சொல்லு" என்பாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "சனிக்கெழம காலைல உன்னப் பாக்க வாறாவ. மாப்பிள்ள அமெரிக்கால. லீவு பத்து நாளுதான். உனக்கு காலேஜ் கெடையாதுல்லா?"

"இல்லப்பா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். அப்பா முரடர் அல்ல. போட்டி இருக்கிறது என்று சொல்லியிருந்தால், சாயங்காலம் வரச் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. காரணம் பயம் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமில்லை. எனக்கு அமெரிக்கா வேண்டியிருந்தது. முழங்கால் காயமும் கறுத்த முகமுமாகப் போட்டியிலிருந்து வந்து நின்றால் அது கைநழுவிவிடுமோ என்று இருந்தது. வெள்ளிக்கிழமை கன்னியம்மா இரவல் வாங்கிய கான்வாஸ் ஷூவுக்குச் சுண்ணக்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏழு மணிக்கு அம்பத்தூர் ஸ்டேசன். மறந்துறாத" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை நான் பட்டுப்புடவையில் காபித் தட்டோடு நின்றேன். அவர்கள் ஐந்து பேரும் நடைமேடையில் நின்று ஆவடியிலிருந்து வந்த ஒவ்வொரு ரயிலிலும் லேடீஸ் பெட்டியை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். மூன்று ரயிலை விட்டார்கள். நகரத்து மைதானத்தில் ஐந்து பேராகக் கோட்டுக்குள் இறங்கினார்கள். நடுவர் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, எதிரணி வென்றதாக விசில் ஊதினார். ஒரு பந்துகூடத் தொடவில்லை. திங்கள்கிழமை முதல்வர் சொன்னாராம்: "நாங்க வாய்ப்புக் கொடுத்தாச்சு. பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்ல." உடற்பயிற்சி ஆசிரியர் கம்பத்திலிருந்து எங்கள் கயிற்றை அறுத்து எடுத்தார். நான் ஒரு வாரம் கழித்துத்தான் கல்லூரிக்குப் போனேன். கன்னியம்மா வேறு பெஞ்சுக்கு மாறியிருந்தாள். பரீட்சை முடியும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆண்டே கல்யாணம், விசா, விமானம்.

இங்கே நான் ஒரு சிறிய கல்லூரியின் மாணவர் நல அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தட்டச்சு, கோப்பு, கூட்டங்களில் குறிப்பெடுப்பது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், அமெரிக்காவில் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கலாம். இல்லை. கல்லூரி விளையாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. இருந்தும், சென்ற ஆண்டு சில மாணவிகள் வாலிபால் அணி கேட்டு மனுக் கொடுத்தபோது கூட்டம் போட்டுப் பேச வேண்டியிருந்தது. விளையாட்டுத் துறை இயக்குநர் ஒரு தாளை மேசையில் வைத்தார். "விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதலாம் என்று ஒரு மாதம் ஒட்டி வைத்தோம். ஒன்பது பெயர். உண்மை என்னவென்றால், பெண்களுக்கு ஆர்வம் இல்லை."

என் பேனா நின்றுவிட்டது. பத்தாயிரம் மைல் தள்ளி, வேறொரு மொழியில், அதே வாக்கியம். குறிப்பெடுப்பவள் பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறந்துவிட்டது. "அந்தத் தாளை நான் பார்த்தேன். ஆண்களின் உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒட்டியிருந்தது. அந்த வழியாக எந்தப் பெண்ணும் போவதில்லை. ஒன்பது பேர் தேடிப்போய் எழுதியிருக்கிறார்கள்."

டீன் அம்மையார் மிகவும் கனிவாக என் பக்கம் திரும்பினார். "உங்கள் நாட்டில் பெண்களை விளையாட அனுமதிக்க மாட்டார்கள், இல்லையா? அதனால்தான் உங்களுக்கு இது இவ்வளவு முக்கியம்."

"அனுமதித்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். நான்தான் போகவில்லை" என்றேன்.

அவர் கண் கலங்கி என் கையைத் தொட்டார். "போகவிடாமல் செய்துவிட்டார்கள். புரிகிறது" என்றார். அவருக்குப் புரியவில்லை. விளக்க முயன்றேன். என் ஆங்கிலம் அவ்வளவு தூரம் வரவில்லை. அல்லது, செய்யாத தவறுக்கு என் அப்பாவைப் பழி ஏற்க விட்டுவிட்டு, அந்தக் கனிவில் சற்று நேரம் ஒதுங்கிக்கொண்டேன். அதுவும் என் கணக்கில்தான். தாள் மாணவியர் விடுதி வாசலுக்குப் போனது. இரண்டே நாளில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார்கள். அடுத்த ஆண்டு முதல் அணி உண்டு என்று முடிவானது. அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஊருக்கு விமான டிக்கெட் எடுத்தேன்.

ஆவடியில் இறங்கிய மூன்றாம் நாள் மேனாம்பேட்டுக்குப் போனேன். கன்னியம்மா தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஷிப்ட் விடும் நேரம் கேட்டு வாசலில் நின்றேன். நூறு பெண்களுக்கு நடுவே தலை ஒன்று உயரமாக வந்தது. என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னா சாந்தி, இத்தினி வருசம் கழிச்சி ட்ரெயின் வந்துச்சா?"

நான் அழுதேன். அவள் என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். "நடு ரோட்டுல இன்னாத்துக்கு அழுதுகினு. ஊட்டுக்கு வா."

வீட்டில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வியாழக்கிழமையை, அமெரிக்கா வேண்டியிருந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நீ வரலைன்னு எனக்கு கோவமே இல்ல. பொண்ணு பாக்க வந்தா நீ இன்னா பண்ணுவே? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? எங்க சித்தி பொண்ணு நம்ம காலேஜ்லயே பர்ஸ்ட் இயர் படிச்சிகினு இருந்தா. அவள இட்டாந்து கோட்டுக்குள்ள நிறுத்தியிருப்பேன். பந்தத் தொடக்கூட வாணாம். சும்மா நின்னாலே ஆறு பேரு ஆயிருக்கும்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் நான் வேறொரு தவறுக்காக வருந்தியிருந்தேன்.

"ரயில்வே வேலை..." என்று இழுத்தேன்.

"அது கெடச்சிருக்குமோ என்னவோ. அத்த உடு" என்று கையை வீசினாள். பிறகு சட்டென்று உற்சாகமாகிவிட்டாள். தமிழ்த்துறை அம்மா விடவில்லையாம். இரண்டு வருடம் முதல்வரிடம் நடையாய் நடந்து மறுபடியும் அணி சேர்த்தாராம். இந்தத் தடவை எட்டுப் பேர். கம்பத்தில் பெண்களுக்குத் தனிக் கொக்கியே அடித்தாகிவிட்டது. கன்னியம்மா லீவு கிடைக்கும் நாளெல்லாம் போய்ப் பந்து போட்டுக் கொடுக்கிறாள். "போன வருசம் ரெண்டாவது வந்துச்சிங்க. ஒருத்தி கீறா பாரு, என்ன மாதிரியே ஒசரம், என்ன விட தைரியம்" என்றாள். நான் அறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது என் உதவி இல்லாமலே ஒட்டி வளர்ந்திருந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. கூடவே, அதற்கு என் தேவை இருக்கவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"சனிக்கெழம மேட்ச் கீது. வரியா?"

"வெள்ளிக்கிழமை ஃப்ளைட், கன்னியம்மா. என்னால வர முடியாது."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "பரவால்ல. இந்த வாட்டி சொல்லிட்டாவது போறியே."

இங்கே திரும்பி வந்து இரண்டு மாதத்தில் எங்கள் கல்லூரிப் பெண்களின் முதல் ஆட்டம். கணவர் வரவில்லை, நான் தனியாகப் போனேன். உள்ளரங்கம், பளபளக்கும் மரத்தரை. ஆடுகளத்தின் ஒரு பாதிக்கு நேராக இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். எங்கள் பெண்கள் என் முன்னால் ஆடினார்கள். முதல் செட்டில் தோற்றார்கள். விசில் ஊதியதும் இரண்டு அணியும் வலையைச் சுற்றிப் பக்கம் மாறின. இப்போது என் கண்ணெதிரே எதிரணி. செட் முடியும் நேரம், அதில் உயரமாக, கறுப்பாக ஒரு பெண், வலையருகே எம்பி ஒரு கையால் அடித்தாள். என்னை அறியாமல் எழுந்து நின்று, "அடிடீ!" என்று தமிழில் கத்திவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கள் எந்தக் கட்சி?" என்று பக்கத்திலிருந்தவர் விளையாட்டாகக் கேட்டார். பதில் சொல்வதற்குள் அந்தச் செட்டும் முடிந்தது. அணிகள் மறுபடி பக்கம் மாறத் தொடங்கின. நானும் இடம் மாறலாம் என்று கைப்பையை எடுத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், இரண்டு இருக்கை வரிசைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.